துளித்துளியாய்

வெளிர் ரோஜா நிறத்தில் நிற்கவேண்டிய கரைசல் மறுபடியும் கருஞ்சிவப்பாகிவிட்டது. முதலாண்டு மாணவியின் முகம் வாடிப்போனது.

“எனக்கு வேதியியல் வராது மேடம். படிப்பையே நிறுத்திடறேன்.”

“இன்னும் வரலன்னு சொல்லும்மா,” என்றார் விரிவுரையாளர். “எங்க தப்பாச்சு? நீயே யோசி.”

“கடைசியில அவசரப்பட்டு பியூரெட் குழாயை அதிகமா திறந்துட்டேன்.”

“பார்த்தியா, நீயே கண்டுபிடிச்சிட்டே! இப்ப புதுசா கரைசல் எடுத்து, கடைசியில துளித்துளியா விடு.”

ஒரு துளி. குடுவையைக் குலுக்கியதும் நிறம் மறைந்தது. இன்னொரு துளி. மெல்லிய ரோஜா நிறம் பூத்து, எவ்வளவு குலுக்கியும் மறையாமல் நின்றது.

“வந்துடுச்சுடி!”

ஆய்வுக்கூடமே அதிர்ந்து திரும்பியது. விரிவுரையாளரையா ‘டி’ போடுவது?

அவரோ சிரிப்பை அடக்கமுடியாமல், “அம்மா! காலேஜ்ல மேடம்னுதான் கூப்பிடணும்னு வீட்லயே பேசினோம்ல?” என்றார்.

“போடி!” என்று மகளைக் கட்டிக்கொண்டார் அந்த ஐம்பது வயது மாணவி.