லாரி வராத வழி

லாரி உரசிக் கீழே விழுந்த நாளிலிருந்து வேணி பைக்கைத் தொடவில்லை. கால் எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் பின்னால் ஹாரன் கேட்டால் கை விறைத்துவிடும். அவள் அக்காள் ஊருக்குப் போக, கணவன் அருளப்பன் ஒரு வழி கண்டுபிடித்தான். நகரத்துக்குள் நுழையாமல், ஏரிக்கரை, கரும்புக்காடு, இருபுறமும் புளியமரங்கள் நிற்கும் பழைய ரோடு என்று சுற்றிச் சுற்றிப் போகும் வழி. ஞாயிறுதோறும் தனியாகப் போய்ப் பார்த்து வந்தான்.

"ஒரு லாரிகூட வராது. நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்றான்.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினார்கள். ஏரிக்கரையில் உருட்டாத குறையாகத்தான் போனாள். புளியமர நிழலுக்கு வந்ததும் தானாக வேகம் கூடியது. ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தாள். அப்போது பின்னால் ஹாரன் அலறியது. ஜல்லி ஏற்றிய லாரி. பக்கத்தில் கல்குவாரி இருப்பதும், ஞாயிறு அதற்கு விடுமுறை என்பதும் அருளப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நிறுத்திரு வேணி, நிறுத்திரு!" என்று கத்தினான்.

அவள் நிறுத்தவில்லை. கண்ணாடியில் ஒருமுறை பார்த்தாள். மண்ணோரமாக ஒதுங்கி, ஒரு கையை நீட்டி, போ என்று காட்டினாள். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்தது. புழுதி அடங்கியபோதும் பைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"பயமா இல்லயா?"

"இருந்துச்சு" என்றாள்.

கொஞ்ச தூரம் போனபின் திரும்பாமலே சொன்னாள்.

"தோள விடுங்க, வலிக்குது. லாரி எப்பவோ போயிருச்சு."