சந்தேகம் போதும்

“பையும் கம்பியுமா எங்கேடா ஓடினே?”

கேட்டுக்கொண்டே அறைந்தார் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனில் கையில் விலங்கோடு நின்ற பூட்டுக்காரருக்குக் காது ‘கொய்ங்’ என்றது.

“கதவு திறக்கத்தான் சார். குளியலறைக்குள்ள குழந்தை மாட்டிக்கிச்சாம். அந்தம்மா போன்ல கதறினாங்க. அதான் ஓடினேன்.”

“யாரு அந்தம்மா?”

“தெரியாது சார். தெருவை மட்டும்தான் சொன்னாங்க. போன் போட்டு நீங்களே கேளுங்க.”

“உன்னைப் பிடிக்க எனக்குச் சந்தேகம் போதும். விடறதுக்குத்தான் ஆதாரம் வேணும்!”

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. பார்த்தார், துண்டித்தார். “வீட்டுல வேற வேலையே இல்ல.” மறுபடியும் அடித்தது. அணைத்தே வைத்துவிட்டார்.

பூட்டுக்காரர் விலங்குக் கைகளைக் கூப்பினார். “நான் திருடன்னே வச்சுக்கோங்க. அந்தக் கதவைத் திறந்துட்டு நானே லாக்கப்புல வந்து உட்கார்றேன். ஒரு போலீஸ்காரரையாவது கூட அனுப்புங்க!”

“வாயை மூடு!”

மேசைமேல் கிடந்த பூட்டுக்காரரின் போன் அலறியது. “உன் கூட்டாளி யாருன்னு இப்பத் தெரிஞ்சுடும்” என்று இன்ஸ்பெக்டர் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“பூட்டுக்காரரே, எங்க இருக்கீங்க? என் வீட்டுக்காரர் போனும் ஆஃப்ல இருக்கு. பாப்பா அழறதை நிறுத்திட்டாளே...”

இன்ஸ்பெக்டரின் முகம் வெளிறியது. அது அவர் மனைவியின் குரல்.

“ஜீப்பை எடுங்கய்யா! விலங்குச் சாவி எங்க?” சட்டைப் பையைத் துழாவினார். எதுவும் அகப்படவில்லை.

பூட்டுக்காரர் பல்லைக் கடித்தபடி இரண்டு கைகளையும் நீட்டினார்.

“ஆதாரம்னு பிடுங்கி வச்சீங்களே, அந்தக் கம்பியைக் கொடுங்க. முதல்ல இதைத் திறக்கிறேன். அப்புறம் உங்க வீட்டுக் கதவு.”