ஓரத்தில் கிடந்த ரப்பர்த் துணுக்கு

பாதிப் பந்தயத்தில் காருக்கு மாட்டிய புது டயர் அது. மிதப்புக்குக் குறைவில்லை. பாதையோரம் கிடந்த ரப்பர்த் துணுக்கு ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கூப்பிட்டது.

"தம்பி, என்னையும் கூட்டிட்டுப் போயேன்."

"யாருடா உனக்குத் தம்பி? எட்டிப் போ! நீ ஒட்டினா எனக்கு வழுக்கும்."

கார் முதலாவதாக வந்தது. கோட்டைத் தாண்டியதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, வேண்டுமென்றே ஓரமாகப் போனார். அந்தத் துணுக்கோடு இன்னும் பல துணுக்குகளும் டயரில் அப்பிக்கொண்டன.

"ஐயோ, இந்தக் குப்பையிலயா!" டயர் அலறியது.

"கோவிச்சுக்காத தம்பி. இப்போ காரை எடை போடுவாங்க. விதியில சொன்ன எடைக்குக் கொஞ்சம் குறைஞ்சாலும் ஜெயிச்சது செல்லாது. நீயும் ஓடி ஓடித் தேஞ்சு போயிட்டியே."

"இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?"

"உனக்கு முன்னாடி இதே கார்ல ஓடித் தேஞ்ச டயரோட துணுக்கு நான்."

கார் எடை மேடையில் ஏறியது. எண் மெல்ல ஏறி, விதியில் சொன்ன எடையில் சரியாக வந்து நின்றது. ஒரு துணுக்கு உதிர்ந்தாலும் போச்சு.

"அண்ணே," என்றது டயர், "கெட்டியாப் பிடிச்சுக்குங்க."