ஈரத்துக்கு விழுந்த ஓட்டு

ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றங்கரைக் கொட்டகையில், ரோமம் கத்தரிக்கிறவர்கள் ஆடு ஈரமா, காய்ந்ததா என்று ரகசியமாக ஓட்டுப் போட்டார்கள். ஒரே ஓட்டில் ஈரம் வென்றது. ஈர ஆட்டைக் கத்தரிப்பதில்லை என்பதால் அன்று வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

தேநீர் வேளைக்குள், அந்த ஒரு ஓட்டு வாட்டி என்கிறவன் போட்டது என்று பேச்சு பரவிவிட்டது.

“ஈர ஆடு கடிச்சிடுமாடா, சோம்பேறி?” என்று ஒருவன் வாட்டியைச் சீண்டினான்.

“வெறும் ஃபர்ஃபிடா, ஆதாரமில்லாத புரளி. யாரு கண்டா?” என்றான் சமையல்காரன்.

“நெருப்பில்லாம புகையுமா?” என்றான் கூடக் கத்தரிக்கிற லெஸ்.

ஏச்சு தாங்காமல் வாட்டி மூட்டை கட்டினான். லெஸ் வண்டிவரை கூட வந்தான்.

“காலையில பூட்ஸ் மாட்டக் குனிய முடியாம நீ அழுததைப் பாத்தேன்டா. ஓட்டும் உன்னுது, புரளியும் உன்னுது,” என்றான் வாட்டி.

லெஸ் கேட்டான்: “அப்ப ஏன்டா சொல்லல?”

“முதுகு போனவனை எவன் வேலைக்கு வைப்பான்? எனக்கு வேற கொட்டகை கிடைக்கும்.”

வாட்டி கை நீட்டினான். அதைத் தொட லெஸ்ஸுக்குக் கூசியது.