இரண்டு மணி நேரத் தீவு

“பாத்து சார், பலகை வழுக்கும். என் கையப் பிடிச்சுக்குங்க.”

பெற்ற தகப்பனைப் போல அந்தப் பெரியவரைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றினான் படகுக்காரன். மெத்தையைத் தட்டிப் போட்டு உட்கார வைத்தான். பார்த்தவர்கள் இப்படியும் ஒரு பணிவா என்று மெச்சியிருப்பார்கள்.

அவனுக்கோ வயிறு எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் புயல் நாளில் ஓட்டைப் படகைக் கடலுக்கு அனுப்பிய முதலாளி இவர்தான். அதில் போன அண்ணன் திரும்பவில்லை. ‘என்னைக் கேட்காமல் படகைத் திருடிக்கொண்டு போனான்’ என்று விசாரணையில் எழுதிக் கொடுத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார். செத்தவனுக்குத் திருடன் பட்டம். அந்த ஏக்கத்திலேயே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

இன்றைக்குத் தேடிய மூலிகை தானாகக் காலில் சிக்கியிருக்கிறது. மனைவியோடு தீவைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு இவனை அடையாளமே தெரியவில்லை.

என்ஜின் பக்கத்தில் அண்ணனின் சின்னப் படம் மாட்டியிருந்தது. முதலாளி போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அவர் மனைவி கவனித்தாள்.

“யாருப்பா இது?”

“எங்க அண்ணன்மா. கடல்ல போயிட்டாரு.”

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். பிறகு, “அடடா, கண்ணாடிய விட்டுட்டேன்” என்று கைப்பையோடு துறைக்கு இறங்கிப் போய்விட்டு வந்தாள்.

“மறதி, மறதி! இவளக் கட்டிக்கிட்டு முப்பது வருஷமா மாரடிக்கிறேன்” என்றார் முதலாளி.

அந்தத் துறையில் ஒரு வழக்கம். செருப்போடு படகில் ஏறக் கூடாது. கரையிலுள்ள பலகைத் தட்டில் விட்டுவிட வேண்டும். ஐந்து மணிக்கு வாட்ச்மேன் வந்து தட்டைப் பார்ப்பார். ஒரு ஜோடி மிச்சமிருந்தாலும் மீட்புப் படகு கிளம்பிவிடும். ஆளை யாரும் எண்ணுவதில்லை, செருப்புத்தான் கணக்கு.

கிளம்பும்போது படகுக்காரன் பழக்கத்தில் தட்டைத் திரும்பிப் பார்த்தான். கூட்டமில்லாத நாள். முதலாளியம்மாவின் செருப்பு மட்டும்தான் கண்ணில் பட்டது. ஐயாவுடையது பின்னால் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

முதலில் கலங்கரை விளக்கம். தன்னை மேலிருந்து போட்டோ எடுக்கச் சொல்லி, முழங்கால் வலிக்காரியான மனைவியை இருநூறு படி ஏற்றினார் முதலாளி. அவர் கீழே நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்தவளிடம் போட்டோ ஆடியிருக்கிறது என்று சொல்லி மறுபடி ஏற்றினார்.

அடுத்து பவளப்பாறை. படகின் அடியில் பதித்த கண்ணாடி வழியாக ஆமை ஒன்று போவதைப் பார்க்க அவள் ஆசையாகக் குனிந்தாள். சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றிப்போய், விரல் விரலாகத் தெரிந்தது. படகுக்காரன் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“மணல் திட்டு ஒண்ணு இருக்காமே, தம்பி?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. தண்ணி வத்துறப்ப ரெண்டு மணி நேரம் மட்டும் வெளிய தெரியும். சங்கு, நட்சத்திர மீனெல்லாம் சும்மா கிடக்கும். நாலு மணிக்கு அங்க ஆள் முங்குற ஆழம்.”

“ஐயோ, இவருக்கு நீச்சல் தெரியாதே!”

“வாய மூடு. அவன்கிட்ட என் பெருமையப் பேசச் சொன்னேனா?” முதலாளி உறுத்துகிறதென்று மிதவைச் சட்டையைக் கழற்றி எறிந்து, போனை மனைவியிடம் திணித்துவிட்டுத் திட்டில் குதித்தார்.

படகுக்காரன் நினைத்ததும் அதுதான். முதலாளியம்மாவை மட்டும் முன்னால் ஏற்றிக்கொண்டு, படகைத் திருப்பி நிறுத்துகிறேன் என்று விலகிப் போவது. நடுவில் என்ஜின் மக்கர் செய்துவிட்டதாக நடிப்பது. மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும். கேட்டால் அம்மாவே சாட்சி.

மூன்றரை மணிக்கு அப்படியே நடந்தது. என்ஜின் ‘நின்றது.’ முதலாளி முதலில் கையாட்டினார், பிறகு கெட்ட வார்த்தையில் திட்டினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் திட்டுவது நின்று, கெஞ்சல் ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷ எரிச்சல் குளிர்ந்தது படகுக்காரனுக்கு. கத்துடா, நல்லாக் கத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. குரல் உடைந்து, “காப்பாத்துப்பா” என்று அழுகையாக வந்தது. அண்ணனும் கடைசியில் இப்படித்தான் யாரையாவது கூப்பிட்டிருப்பான். அந்த நினைப்பு வந்ததும் படகுக்காரனின் கை தானாக என்ஜினுக்குப் போனது. சீ, இந்த ஆளுக்காக நானும் இந்த ஆள் மாதிரி ஆகணுமா?

அப்போதுதான் படகிலிருந்த முதலாளியம்மாவின் நினைவு வந்தது. பாவம், இந்நேரம் பதறித் துடித்திருப்பாளே! திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணாடி வழியாக மீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயப்படாதீங்கம்மா, என்ஜின் சரியாயிடுச்சு. இதோ, போய் சாரை ஏத்திக்கலாம்!”

அவள் நிமிரவில்லை. மடியில் கைப்பை புடைத்திருந்தது.

“எந்த சாரு, தம்பி? நான் தனியாத்தானே வந்தேன்!”