ஆய்வாளர் குடிக்காத காப்பி

"ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்கேன். பாஸ்க் மொழியில ஒரு வார்த்தை காதுல விழல!" என்றார் மொழி ஆய்வாளர் உர்தாசுன். எதிரே இருந்த பால் காப்பியைத் தொடாமல் ஓரமாகத் தள்ளிவைத்திருந்தார்.

கல்லாவில் நின்ற நெகானே தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்பெயினின் நவார்ரா மாநில வரைபடத்தில் எங்கள் மலைக்கிராமம் பாஸ்க் மொழி மண்டலத்தில் இருக்கிறது. காப்பிக்கடை ஊராட்சிக்குச் சொந்தம்; நெகானே குத்தகைக்கு எடுத்து நடத்துகிறாள். கடையில் பாஸ்க்தான் புழங்க வேண்டும் என்பது குத்தகையின் முதல் நிபந்தனை. மீறினால் கடை போகும். மாடியில் நெகானே குடியிருக்கும் வீடும் சேர்ந்து போகும். அதைச் சோதிக்கத்தான் மாநிலத் தலைநகரிலிருந்து வந்திருந்தார் அவர்.

"வாசல் பலகை பாஸ்க், விலைப்பட்டியல் பாஸ்க். வாயைத் திறந்தா மட்டும் ஸ்பானிஷ்! யாரை ஏமாத்தறீங்க?"

கோபத்தில் அவரும் ஸ்பானிஷில்தான் கத்தினார். அதைக் குறிக்க அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை.

சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேரும் சீட்டையே பார்த்தார்கள்.

"பெரியவரே, நீங்க சொல்லுங்க. தாய்மொழி பேச வெட்கமா?"

"தப்புதான் ஐயா" என்றார் பெய்யோ, அதையும் ஸ்பானிஷில். ஊரிலேயே பெரிய வாயாடி அவர். அதற்கு மேல் மூச்சு விடவில்லை.

"நான் முப்பது வயசுல கத்துக்கிட்டு, உயர்நிலைத் தேர்வு பாஸ் பண்ணினவன். தாய்ப்பாலோட குடிச்ச உங்களுக்கு என்ன கேடு?"

படிவத்தை நிரப்பி நெகானேயிடம் நீட்டினார்.

"இங்க கையெழுத்துப் போடுங்கம்மா."

'பாஸ்க் புழக்கம்: இல்லை' என்று எழுதியிருந்தது. நெகானே அதைப் படித்தாள். ஆனாலும் போட்டாள்.

அவருடைய கார் வளைவைத் தாண்டியதும் கடை பழையபடி பாஸ்க்கில் இரைய ஆரம்பித்தது.

ரொட்டி கொண்டுவந்த மைதேர் படிவத்தின் நகலைப் படித்துவிட்டுக் கொதித்துப்போனாள்.

"ஏன்டி, பொறந்ததுலேர்ந்து இங்க பாஸ்க் தவிர வேற என்ன பேசியிருக்கீங்க? இன்னிக்குன்னு பார்த்து எல்லாருக்கும் என்ன வந்துச்சு?"

நெகானே ஆறிப்போன காப்பியைத் தொட்டியில் ஊற்றினாள்.

"வந்ததும் பாஸ்க்லதான் கேட்டேன், பால் காப்பியா, வெறுங்காப்பியான்னு. 'ஆமாம், நன்றி'ன்னார். இன்னொரு தடவை நிதானமா கேட்டேன். அப்பவும் 'ஆமாம், நன்றி'. பெய்யோ சீட்டாட்டத்துல காட்டற மாதிரி ஜாடை காட்டினார். புரியாத மனுஷன் ஒருத்தர் நடுவுல இருக்காரேன்னு எல்லாரும் ஸ்பானிஷுக்கு மாறிட்டோம்."

"அதை அந்த ஆள் மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! போறது உன் கடைடி!"

"எப்படிடி சொல்றது? எனக்குக் கடை போனா எங்கயாவது பாத்திரம் கழுவிப் பொழைச்சுக்குவேன். அவருக்கு பாஸ்க் புரியலன்னு வெளிய தெரிஞ்சா, பாவம், அந்த வேலையே போயிடுமே!"