முதல் அகப்பை

அறுபது பேர் தட்டோடு காத்திருக்க, அண்டாவிலிருந்து முதல் அகப்பைக் கஞ்சியைத் தன் தூக்குவாளியில் ஊற்றி மூடிக்கொண்டாள் பொன்னுத்தாய்.

பார்த்துக்கொண்டிருந்த மதுரம் டீச்சருக்குச் சுருக்கென்றது.

"எடுத்துட்டியா? உப்பைப் போட்டுடவா?" என்றாள், கிண்டிக்கொண்டிருந்த காளியம்மாள்.

"போடு. பாத்துப் போடு. நேத்துக் கடலையே கொண்டாந்து கரைச்சுட்டே!"

வரிசை சிரித்தது. "இதோ வந்துடறேன், டீச்சரம்மா" என்று தூக்குவாளியோடு கிளம்பிவிட்டாள் பொன்னுத்தாய்.

தங்கள் ஊருக்கு நல்லது செய்கிறவர்களைத் தேடிப் போய்ப் பார்த்து, பத்திரிகையில் மகளிர் பக்கத்துக்கு எழுதுவதில் மதுரத்துக்கு ஓர் ஆசை. நாலு பேரைப் பார்த்தாயிற்று. ஐந்தாவது ஆள் இந்த அல்லியூர்ப் பொன்னுத்தாய். அவளைப் பார்க்கப் பாபநாசத்திலிருந்து இரண்டு சோழன் பஸ் மாறி, இடுப்பில் ஏழு மாதக் குழந்தையும் காலடியில் அரை மூட்டை அரிசியுமாக வந்திருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஆளுக்கு இரண்டு படி போட்ட அரிசி. 'பாப்பா சும்மா வரலாம்மா, மூட்டைக்கு டிக்கெட் எடுக்கணும்' என்று கண்டக்டர் கூடக் கிண்டல் செய்தார்.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அல்லியூரில் பதினேழு நாளாக ஸ்டிரைக். அறுப்பு நின்றதும் தெருவில் அடுப்பும் நின்றது. வீட்டுக்கு வீடு இருந்ததைக் கொட்டச் சொல்லி, ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சித் தெருவுக்கே ஊற்றுகிறாள் பொன்னுத்தாய்.

"அவ புருஷன் ராஜாங்கம்தான் எங்க சங்கத்துத் தலைவரு. இப்ப திருச்சி ஜெயில்ல இருக்காரு" என்றாள் காளியம்மாள். "நெல்லைத் திருடினாருன்னு பண்ணைக் காரியஸ்தர் அனந்தநாராயணன் எழுதிக் கொடுத்த பொய்க் கேஸு. அவ அதுக்காக ஒரு நாள் மூலையில உக்காரலை பாருங்க. இன்னையோட அரிசி தீந்துது, நாளைக்கு என்ன பண்றதுன்னு இருந்தோம். நல்ல வேளை, நீங்க வந்தீங்க."

"அந்தக் கஞ்சி யாருக்கு?"

காளியம்மாள் அண்டாவைப் பார்த்துக்கொண்டாள். "அவளையே கேளுங்க, டீச்சரம்மா."

மதுரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பொன்னுத்தாயின் பின்னாலேயே நடந்தாள்.

பொன்னுத்தாய் வாய்க்காலைத் தாண்டினாள். தென்னந்தோப்பைத் தாண்டினாள். பண்ணைக்காரர் நாகேஸ்வரன் வீட்டுக் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்!

வேலி இடுக்கு வழியே மதுரம் எட்டிப் பார்த்தாள். கொல்லைத் தாழ்வாரத்தில் கட்டிலில் ஒரு வயதானவர். பொன்னுத்தாய் குனிந்து ஊற்ற, டம்ளரை நீட்டி வாங்கினார்.

"மெதுவாக் குடிங்க, காரியஸ்தரய்யா."

மதுரத்துக்குக் காது சூடாகிவிட்டது. இதுதானா சேதி! தெருவே பசியில் கிடக்க, புருஷனை வெளியே எடுக்க ஊர்க் கஞ்சியைக் கொண்டுபோய் அவர் காலில் வைக்கிறாளா?

பொன்னுத்தாய் திரும்பி வந்தபோது, அரிசி மூட்டையின் மேல் கை வைத்தபடி நின்றிருந்தாள் மதுரம்.

"நான் பாத்துட்டேன். கேஸை வாபஸ் வாங்கறதுக்குக் கஞ்சியா? அதுக்கா எங்க டீச்சருங்க அரிசி கொடுத்தாங்க? நான் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறேன்."

ஒரு கிழவர் வாய்க்குக் கொண்டுபோன தட்டைக் கீழே வைத்தார்.

பொன்னுத்தாய் தலையைக் குனியவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போங்க, டீச்சரம்மா. நாங்க நத்தை பொறுக்கித் தின்னுக்குவோம். ஆனா அந்த வார்த்தை வேணாம். கேஸைப் பத்தி அவருகிட்ட நான் வாயைத் திறக்கலை. அதைக் கோர்ட்டுல பேசிக்கறோம்."

"பின்னே எதுக்கு?"

"பண்ணைக்காரரு குடும்பத்தோட தஞ்சாவூருக்குப் போயிட்டாரு. கால் வீங்கிக் கிடக்கற மனுஷனைக் காவலுக்கு விட்டுட்டாரு. சமையல்காரரும் ஓடிட்டாரு. நாங்க அறுபது பேருக்கு ஊத்தறோம். கூப்பிடு தூரத்துல ஒரு உசுரு பட்டினி கிடந்தா, எங்க அண்டாவுக்குத்தானே கேவலம்?"

வரிசையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் தெரிந்தேதான் நடந்திருக்கிறது.

"நீங்க கொடுத்ததை மொத நாளே வாங்கிக் குடிச்சாரா?"

"மொத நாள் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு" என்று முந்திக்கொண்டாள் காளியம்மாள். "ரெண்டாம் நாள் டம்ளரை நீட்டினாரு. மூணாம் நாள், தொட்டுக்கத் துவையல் இல்லையான்னு கேட்டாரே பாக்கணும்!"

தெருவே சிரித்தது. குழந்தையும் சேர்ந்து சிரித்தது.

மதுரம் உட்கார்ந்து மூட்டையின் கட்டை அவிழ்த்தாள்.

"என்னை மன்னிச்சுடுங்க, பொன்னுத்தாய். உங்க மனசு யாருக்கு வரும்!"

"அட, எனக்கும் வரலைங்க!" பொன்னுத்தாய் முறத்தை எடுத்து நீட்டினாள். "கிடந்து சாகட்டும்னுதான் நானும் விட்டேன். போன வாரம் ஜெயிலுக்குப் போனப்ப, உங்க மேல கேஸ் போட்ட ஆளு நாதியத்துக் கிடக்கறாருன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சந்தோஷமாச் சொன்னேன். மனுஷன் கம்பிக்கு அந்தப் பக்கத்துலேருந்து கத்தறாரு: 'அடிப் பாவி, கால் வீக்கத்துக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருடி! மொத அகப்பையை அவருக்கு எடுத்து வச்சுட்டு, அப்புறமா உப்பைப் போடு!'"